மதுரை வெயிலுக்கு உருகாத டியோடரண்ட்: வீட்டில் செய்த அனுபவம்

வீட்டிலேயே டியோடரண்ட் செய்யச் சொல்லித்தரும் செய்முறைகளைத் தேடினால் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் கிடைக்கும். தேங்காய் எண்ணெய், சமையல் சோடா, ஆரோரூட் மாவு, நாலு சொட்டு வாசனை எண்ணெய். கலக்கி டப்பாவில் அடைத்தால் கெட்டியாக நிற்கும் என்பார்கள். குளிர்நாட்டு வீடுகளில் நிற்கும், சந்தேகமில்லை. தேங்காய் எண்ணெய் உருகுவது சுமார் 24 டிகிரி செல்சியஸில். எங்கள் மதுரையில் மார்கழிக் காலையில்தான் எண்ணெய் பாட்டில் உறைந்து கிடக்கும். பங்குனி பிறந்துவிட்டால் ராத்திரியில்கூட அது உறையாது. சித்திரையில் வெளியே 40 டிகிரியைத் தொடும்போது, பைக் பெட்டிக்குள் இருக்கும் டப்பாவின் கதி என்ன?

அதைப் பார்க்கவே அந்தச் செய்முறையில் ஒரு சின்னக் கிண்ணம் அளவு கலந்து மொட்டைமாடி நிழலில் மதியம் வைத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் மாவும் சோடாவும் அடியில் வண்டலாகப் படிந்துவிட்டன. மேலே தெளிந்த எண்ணெய் நின்றது. விரலை விட்டால் எண்ணெய் மட்டும்தான் வரும். மாவு அடியிலேயே கிடக்கும். அதற்கப்புறம்தான் நம் வெயிலுக்கும் நம் தோலுக்கும் பொருந்தும்படி ஒன்றை நாமே வகுத்துக்கொள்வோம் என்று இறங்கினேன். வீட்டுக்காரர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. காலையில் கிளம்பினால் விருதுநகர், அருப்புக்கோட்டை என்று நாள் முழுக்க பைக்கில்தான். மகள் ஒன்பதாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் ஒத்துக்கொண்டால் வேறு யாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்பது என் கணக்கு.

செய்முறைக்குப் போவதற்கு முன், நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தால் எந்தப் பொருளை எதற்காகப் போடுகிறோம் என்பது புரியும். உடம்பு முழுக்க இருக்கும் வியர்வைச் சுரப்பிகள் விடுவது உப்புத் தண்ணீர். அதற்குப் பெரிதாக வாசனை கிடையாது. அக்குளில் இன்னொரு வகைச் சுரப்பி இருக்கிறது. பருவமடையும் வயதில்தான் அது வேலை செய்யத் தொடங்கும். அதனால்தான் சின்னக் குழந்தை எவ்வளவு ஓடியாடினாலும் அந்த நாற்றம் அடிப்பதில்லை. இந்தச் சுரப்பி விடும் திரவத்துக்கும் வெளிவரும்போது வாசனை இல்லை. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று உடைக்கும்போது கந்தகம் கலந்த சேர்மங்கள் வெளிவருகின்றன, நாற்றம் அதுதான். ஸ்டஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியாவின் எந்த நொதி இந்த வேலையைச் செய்கிறது என்பதை இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் விளக்கினார்கள்.

ஆக, நாம் செய்ய வேண்டியவை இரண்டு. அந்தக் கிருமிகளுக்கு அக்குளைச் சௌகரியமில்லாத இடமாக்குவது ஒன்று, ஈரத்தை உறிஞ்சுவது மற்றொன்று. வியர்வையையே நிறுத்தும் பொருள் வேறு. அதில் அலுமினிய உப்புகள் வியர்வைத் துவாரங்களை அடைக்கும். வீட்டில் செய்யும் டியோடரண்ட் அதைச் செய்யாது. வியர்க்கும், ஆனால் நாறாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மதியம் அக்குள் ஈரமாக இருப்பதைப் பார்த்து 'வேலை செய்யவில்லை' என்று சிலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

அடுத்து சோடா. நான் அதை முழுவதுமாக விட்டுவிட்டேன். சமையல் சோடா கிருமியை அடக்குவது உண்மை. ஆனால் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது. பிஎச் கணக்கில் 5-ஐ ஒட்டி இருக்கும். சோடாக் கரைசல் 8-ஐத் தாண்டும். தினமும் தேய்த்து, அதன் மேலேயே வியர்த்து, சட்டையும் உரசிக்கொண்டிருந்தால் பலருக்குத் தோல் சிவந்து எரியும். என் தங்கை கடையில் வாங்கிப் போட்ட சோடா கலந்த டியோடரண்டால் அக்குள் கறுத்து, உரிந்து, கையைத் தூக்கவே கஷ்டப்பட்டாள். நிறுத்திய பிறகுதான் சரியானது. 'உடம்பிலிருக்கும் நச்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். அக்குள் வழியாக நச்சு வெளியேறுவதெல்லாம் கிடையாது. எரிந்தால் தோலுக்கு ஆகவில்லை என்று அர்த்தம். உடனே கழுவிவிட வேண்டும்.

சோடாவுக்குப் பதில் நான் எடுத்துக்கொண்டது ஜிங்க் ஆக்சைடு, அதாவது துத்தநாக ஆக்சைடு. குழந்தைகளின் டயப்பர் புண்ணுக்குப் போடும் களிம்பிலும் காலமைன் லோஷனிலும் இருக்கும் அதே வெள்ளைத் தூள். தண்ணீரில் கரையாது, தோலை எரிக்காது, கிருமியை அடக்கும், துர்நாற்றத்தையும் பிடித்துவைக்கும். 1888-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் விற்பனைக்கு வந்த 'மம்' என்ற முதல் வணிக டியோடரண்டே துத்தநாகச் சேர்மத்தை மெழுகுப் பசையில் குழைத்துச் செய்ததுதான். அழகுசாதனத் தரம் என்று போட்டிருக்கும் பொட்டலத்தையே வாங்க வேண்டும். பெயின்ட், ரப்பர் வேலைக்கு விற்கும் தூள் வேண்டாம்.

மற்ற சாமான்களுக்குக் கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். தேன்மெழுகு கேட்டதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கும்மா, வெடிப்புக்குப் போடவா?"

"இல்ல அண்ணாச்சி, கம்புக்கூட்டுல பூசுறதுக்கு ஒண்ணு செய்றேன். கலப்பில்லாததா குடுங்க."

"அப்ப இந்த மஞ்சக் கட்டிய எடுத்துக்க தாயி. மோந்து பாரு, தேன் வாசம் அடிக்கும். வாசமே இல்லாம பளபளன்னு இருந்தா அது மெழுகுவர்த்தி மெழுகு."

அவர் சொன்ன சோதனை கைகொடுக்கிறது. இன்னொன்றும் உண்டு: நகத்தளவு கிள்ளி விரலுக்கிடையே கொஞ்ச நேரம் உருட்டினால் நல்ல தேன்மெழுகு இளகிப் பிசைய வரும். பாரஃபின் (மெழுகுவர்த்தி மெழுகு) கலந்தது வழுக்கும், அல்லது பொடிந்து உதிரும். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். வெயிலில் நம் டப்பாவைத் தாங்கப்போவது அதுதான். ஆனால் மெழுகை மட்டும் கூட்டினால் தோலில் இழுபடும், சட்டையில் அப்பும். அதனால் நடுவில் ஒரு பொருள் வேண்டியிருந்தது. கோகம் வெண்ணெய் அதற்குச் சரியாக வந்தது. கொங்கண் கரையில் விளையும் புளிப்புப் பழமான கோகத்தின் விதையிலிருந்து எடுப்பது. அறை வெப்பத்தில் கட்டியாக இருந்து, 40 டிகிரி பக்கம் வந்தால்தான் இளகும். மணமில்லை, பிசுக்கும் குறைவு. சாமான்களிலேயே விலை அதிகம் இதற்குத்தான். ஆனாலும் இதை விட்டால் இந்தக் கலவை நிற்காது.

அளவு இதுதான், 100 கிராம் கலவைக்கு: தேன்மெழுகு 15 கிராம், கோகம் வெண்ணெய் 20 கிராம், தேங்காய் எண்ணெய் 25 கிராம், ஆரோரூட் மாவு 25 கிராம், ஜிங்க் ஆக்சைடு 15 கிராம். கடைசியில் வெட்டிவேர் எண்ணெய் 1 மில்லி, சுமார் 20 சொட்டு. ஸ்பூன் கணக்கு வேண்டாம், டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஜிங்க் ஆக்சைடு கனமான தூள், மாவு லேசானது. ஒரே ஸ்பூனில் அள்ளினாலும் எடை ஒன்றாக இருக்காது.

ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து, அதற்குள் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்தேன். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. சூடு மீறினால் தீப்பிடிக்கும். மெழுகைக் காய்கறி துருவியில் துருவிப் போட்டால் சீக்கிரம் உருகும். (அந்தத் துருவி இனி மெழுகுக்கு மட்டும்தான். எவ்வளவு தேய்த்தாலும் பல்லிடுக்கில் ஒட்டியது போகாது.) மெழுகு தெளிந்து திரவமானதும் கோகம் வெண்ணெய், அது கரைந்ததும் தேங்காய் எண்ணெயில் முக்கால் பங்கு. மீதியைத் தனியாக எடுத்துவையுங்கள். ஆவித் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கிண்ணத்துக்குள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கலவையில் தண்ணீரே கிடையாது, அதனால்தான் பதப்படுத்தும் மருந்து எதுவும் இல்லாமல் கெடாமல் இருக்கிறது. ஈரம் புகுந்தால் மாவில் பூஞ்சை பிடிக்க வழியாகிவிடும்.

எடுத்துவைத்த எண்ணெயில் ஜிங்க் ஆக்சைடைக் கொட்டி, ஸ்பூனின் பின்புறத்தால் கிண்ணச் சுவரில் அழுத்தி அழுத்திக் குழைக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரம் கூடாது. தூளாகவே நேரே உருகிய மெழுகில் போட்டால் குட்டிக் குட்டி முடிச்சுகளாகச் சுருண்டுகொள்ளும். எவ்வளவு கலக்கினாலும் உடையாது, பூசும்போது அக்குளில் மணல் உரசுவது தெரியும். எண்ணெயில் குழைத்தால் முதலில் திப்பித்திப்பியாக இருக்கும். அப்புறம் திடீரென்று ஒரு கட்டத்தில் வழுவழுவென்று வெள்ளைக் குழம்பாகும். அதுதான் பதம். தூளைக் கொட்டும்போது முகக்கவசம் போட்டுக்கொண்டேன். மிக மெல்லிய தூள், மூச்சில் போனால் நல்லதில்லை. ஃபேனையும் நிறுத்திவிடுங்கள்.

அந்தக் குழம்பை உருகிய கலவையில் ஊற்றி, சலித்த ஆரோரூட் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கினேன். உடனே டப்பாவில் ஊற்றிவிடத் தோன்றும், ஊற்றக் கூடாது. சூடாக ஊற்றினால் ஆறுவதற்குள் ஜிங்க் அடியில் இறங்கிவிடும், மேல் பாதி வெறும் மெழுகாக நிற்கும். கிண்ணத்தை இறக்கி, குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் வைத்து விடாமல் கிளறினேன். ஓரத்தில் உறையத் தொடங்குவதை வழித்து நடுவுக்குக் கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டும். இட்லி மாவு பதத்துக்கு வந்து, கரண்டியிலிருந்து நிதானமாக இறங்கும்போது வெட்டிவேர் எண்ணெயை விட்டுக் கலக்கி, ஊற்றினேன். சீக்கிரம் ஆறவைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. இந்த மாதிரி விதை வெண்ணெய்கள் மெதுவாக ஆறினால் மணல்மணலாகத் திரள வாய்ப்புண்டு.

வாசனைக்கு வெட்டிவேரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. கனமான எண்ணெய், சீக்கிரம் ஆவியாகிப் போகாது. காலையில் பூசினால் மாலைவரை மெலிதாகத் தங்கும். கடலூர் மாவட்டக் கடற்கரை மணலில் விளையும் வேர் என்பதால் நம் மூக்குக்கும் பழகியது. எலுமிச்சை எண்ணெயைப் போடச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. எலுமிச்சை வகைப் பழத்தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெய்களில், வெயில் பட்டால் தோலைச் சுட்டுக் கறுக்கவைக்கும் பொருள்கள் இருக்கின்றன. கையில்லாத சட்டை போடுபவர்களுக்கு அது வேண்டாத வம்பு. கிராம்பு, பட்டை எண்ணெய்கள் அக்குளின் மெல்லிய தோலுக்குக் காரம். எந்த எண்ணெயானாலும் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். முதல் தடவை முழங்கை மடிப்பில் தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டு அப்புறம் அக்குளுக்குக் கொண்டுபோங்கள்.

பாத்திரம் கழுவுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் சலித்துப்போகிறார்கள். கிண்ணம் சூடாக இருக்கும்போதே பழைய செய்தித்தாளால் நன்றாகத் துடைத்தெடுத்துக் குப்பையில் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் வெந்நீரும் சோப்பும். உருகிய மெழுகை சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

மறுநாள் அதே மொட்டைமாடி நிழலில் அதே மதிய நேரத்தில் டப்பாவை வைத்தேன். தொட்டால் இளகியிருந்தது, கவிழ்த்தால் வழியவில்லை, அடியில் எதுவும் இறங்கவில்லை. பைக் பெட்டிக்குள் போய் வந்த டப்பாவும் அப்படியேதான் இருந்தது.

வீட்டுக்காரர் முதலில் சொன்ன குறை, "வெள்ளையா ஒட்டுதே" என்பது. நியாயமான குறைதான், ஜிங்க் வெள்ளை. அவர் தாராளமாக அள்ளிப் பூசியிருந்தார். பட்டாணி அளவு எடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் போதும். குளித்ததும் அக்குளை நன்றாகத் துவட்டி, விரல்நுனியில் தேய்த்துச் சூடாக்கிப் பூச வேண்டும். சட்டை மாட்டுவதற்கு முன் சில நிமிடம் விட வேண்டும். டப்பாவுக்குள் விடும் விரல் காய்ந்திருக்க வேண்டும். கறுப்புச் சட்டை நாள்களில் இன்னும் குறைவாக. இப்படிச் செய்யத் தொடங்கியதும் அந்தக் குறை நின்றது. அருப்புக்கோட்டை போய்த் திரும்பும் நாளில் சட்டை முதுகு நனைந்திருக்கிறது, அக்குளும் நனைந்திருக்கிறது, நாற்றம் இல்லை. வெயில் உச்சத்தில் இருக்கும் நாள்களில் மட்டும் மதியம் ஒருமுறை துடைத்துவிட்டுத் திரும்பப் பூசுகிறார்.

மகளுக்கு இது பிடிக்கவில்லை. "பிசுபிசுன்னு இருக்கும்மா" என்றாள். அவளுக்காகப் படிகாரத்துக்குப் போனேன். சலூனில் சவரம் முடிந்ததும் முகத்தில் தேய்க்கும் அதே கட்டி. 100 மில்லி கொதித்து ஆறிய தண்ணீரில் 5 கிராம் படிகாரத்தை இடித்துப் போட்டால் கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும். கட்டியோடு வரும் தூசி அடியில் தங்கும், வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டி பிளாஸ்டிக் ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றலாம். உலோகப் பாத்திரத்தில் வைக்காதீர்கள், படிகாரக் கரைசலின் அமிலம் அரித்துவிடும். பன்னீர் சேர்க்கலாம் என்பார்கள். நான் சேர்ப்பதில்லை, சீக்கிரம் கெடுகிறது. சின்ன அளவில் செய்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்கிறேன். கலங்கினால் கொட்டிவிட வேண்டியதுதான். ஸ்ப்ரே மூக்கில் உப்புப் பூத்து அடைத்துக்கொண்டால் வெந்நீரில் ஊறவைத்தால் திறந்துகொள்ளும். முடி எடுத்த அன்று அடித்தால் சுரீர் என்று எரியும், அன்றைக்கு விட்டுவிட வேண்டும்.

படிகாரத்தையும் சோடாவையும் ஒன்றாகப் போடச் சொல்லும் குறிப்பு ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. செய்து பார்த்தால் தெரியும் சங்கதி. கண்ணாடி டம்ளரில் படிகாரத் தண்ணீரை ஊற்றி ஒரு சிட்டிகை சோடாவைத் தூவினேன். சர்ரென்று நுரைத்துப் பொங்கியது. நுரை அடங்கியதும் தண்ணீருக்குள் வெள்ளையாக மெல்லிய பஞ்சுத் திப்பிகள் மிதந்தன. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டன, மிஞ்சியது அலுமினியம் ஹைட்ராக்சைடு. கலங்கிய ஆற்றுத் தண்ணீரில் படிகாரத்தைச் சுற்றினால் சேற்றை அள்ளிக்கொண்டு அடியில் உட்காருவதும் அதே திப்பிதான். தண்ணீரைத் தெளியவைக்க அருமையான பொருள். அக்குளுக்கு வேண்டிய படிகாரமும் அதில் இல்லை, சோடாவும் இல்லை.

படிகாரத்தை 'அலுமினியம் இல்லாதது' என்று விற்பதும் சரியில்லை. படிகாரம் என்பதே பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த உப்பு. ஆரோக்கியமான ஒருவருக்குத் தோலில் பூசும் அளவால் புற்றுநோய் வரும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடையாது. அந்தப் பயம் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அலுமினியம் உள்ள எதையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்த வேண்டும். அமெரிக்காவில் வியர்வை தடுப்பான்களின் லேபிளிலேயே இந்த எச்சரிக்கையைப் போடச் சொல்கிறது சட்டம்.

ஒன்றைக் கவனித்தேன். புதிதாகச் செய்ததைப் பூசியும் சில சட்டைகளில் மட்டும் காலை பத்து மணிக்கே வாடை வந்தது. அக்குளை மோந்தால் இல்லை, சட்டையில் இருக்கிறது. எல்லாம் பாலியெஸ்டர் கலந்த சட்டைகள். வியர்த்த பாலியெஸ்டர் துணி பருத்தியைவிட அதிகம் நாறுவதை பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வு 2014-இல் காட்டியது. நாற்றத்துக்குக் காரணமான மைக்ரோகாக்கஸ் வகைக் கிருமிகள் அந்த இழையில் செழிக்கின்றன. எண்ணெய்ப் பசை அதில் ஒட்டிக்கொள்வதால் சாதாரணத் துவைப்புக்குப் போவதில்லை. துணி பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் சலவைச் சோடா போட்டு, சட்டையை உள்வெளியாகத் திருப்பி அரை மணி ஊறவைத்து, அக்குள் பகுதியைப் பிரஷ்ஷால் தேய்த்துத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போட்டேன். பழைய வாடை போனது. தோலுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய காரம் துணிக்குச் சரியாக வேலை செய்கிறது. பட்டு, கம்பளித் துணிகளுக்கு மட்டும் இந்த முறை கூடாது.

நலங்கு மாவைப் பற்றித் தங்கை கேட்டாள். பயத்தம்பருப்பு, பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர் சேர்த்து அரைத்த மாவைக் குளிக்கும்போது தேய்ப்பது நல்லதுதான், அக்குளில் படிந்த பழைய பசையை எடுத்துவிடும். ஆனால் காய்ந்த மாவை டியோடரண்ட் மாதிரி அக்குளில் போட்டுக்கொண்டு வெளியே போகாதீர்கள். பருப்பு மாவு வியர்வையில் ஊறினால் அதுவே புளித்து வாடை அடிக்கும்.

இந்த அளவெல்லாம் கோடைக்கு. ஐப்பசி மழை தொடங்கியதும் இதே கலவை டப்பாவில் கல்லாக இறுகி, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. இப்போது மழைக்காலத்துக்கு மெழுகை 10 கிராமாகக் குறைத்து, அந்த 5 கிராமைத் தேங்காய் எண்ணெயில் கூட்டிக்கொள்கிறேன். மார்கழிக்குக் கோகத்திலும் 5 கிராம் குறைத்து எண்ணெயோடு சேர்த்தால் விரல் பட்டதும் இளகுகிறது. கொடைக்கானலில் இருக்கும் நாத்தனாருக்கு அனுப்பியது இந்த மார்கழி அளவைவிட இன்னும் கொஞ்சம் மெழுகு குறைத்தது; அங்கே வருஷம் முழுக்க அதுவே சரியாக இருக்கிறது என்கிறார்.